ஹட்யாய் வரைக்கும்தான் டிக்கெட்

அந்த ரயில் பணியாள் படுக்கை போட்ட அழகை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒல்லியான ஆள். நீல உடுப்பு. எதிரெதிரே இருந்த இரண்டு இருக்கைகளை ஒரே இழுப்பில் இழுத்தான். நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு அவை கீழ்ப்படுக்கை ஆகிவிட்டன. தலைக்கு மேலே சுவரோடு சுவராக மூடிக் கிடந்த பலகையைச் சாவியால் திருகினான், மேல்படுக்கை இறங்கியது. மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை, கடைசியாகப் பச்சைத் திரை. நாங்கள் நடைபாதையில் ஒதுங்கி நின்று மூச்சு விடுவதற்குள், மத்தியானம் முதல் உட்கார்ந்து வந்த இடம் வீடாகிவிட்டது.

ஆறு வயது ஆமினா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அடுத்த இருக்கைக்குப் போனவனின் பின்னாலேயே போய் அங்கேயும் நின்று பார்த்தாள்.

அவள் அம்மா மரியம் மட்டும் எதையும் பார்க்கவில்லை. ஒரு சுருக்கம் இல்லாமல் அவன் விரித்துவிட்டுப்போன விரிப்பை உள்ளங்கையால் மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தார்.

மகளோடு அவர் படுக்கப்போகும் கடைசி இரவு அது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆமினாவுக்குத் தெரியாது.

ரயில் ஏறாத மலை

பினாங்கில் துணிக்கடையில் நின்ற கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, இங்கே கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் டாக்சி ஓட்டும் ஒரு நண்பர் என் கடைக்கே வந்துவிட்டார்.

"சாகுல் பாய், பினாங்குல இருந்து பாங்காக்குக்கு டிரெயின்ல போனேன்னு போட்டிருக்கீங்க. அது ஃபிளைட்ல போற ஊரில்லையா?"

ரயில்தான். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் என்று ஒரு ஊர். அங்கே மத்தியானம் ஏறினால், பொழுது சாயும் நேரத்தில் தாய்லாந்து எல்லை. இரவெல்லாம் ஓடி மறுநாள் உச்சிக்குப் பாங்காக். அந்தப் பக்கமிருந்தும் அதே கணக்குத்தான். ஒரு நாட்டில் தூங்கி இன்னொரு நாட்டில் கண்விழிக்கிற வண்டி.

நம் மலைக்காரர்களுக்கு ரயில் என்றாலே கீழே இறங்கிப் பார்க்கிற பொருள். கொடை ரோடு என்று ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, ரயில் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. அதனாலோ என்னவோ, நான் ரயில் கதை ஆரம்பித்தால் இங்கே கேட்க ஆள் உண்டு.

கூக்கால் கிராமத்தில் பூண்டு போடும் செல்லையா அண்ணன் மட்டும் அசர மாட்டார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது; ரயிலைக் கோச்சி என்பார். "இது என்ன பெரிய சங்கதி தம்பி! எங்க கோச்சி கடல் வரைக்கும் கொண்டாந்து விடும். எறங்கிக் கப்பல் ஏறணும். இங்கிட்டு வந்து இன்னொரு கோச்சி. உங்க வண்டியில கப்பல் உண்டா?" என்பார். இல்லை என்று ஒப்புக்கொண்டால்தான் டீ குடிப்பார்.

பெரியத்தாவின் போன்

எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கல்யாணம் ஆகாத பையன். பினாங்கில் உறவுக்காரர் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா என்றால் அத்தா. என் அத்தாவின் கடைசித் தம்பி ஜமால் சின்னத்தா, பாங்காக்கில் கல் வியாபாரம் செய்துவந்தார். நீலம், கெம்பு. சிரித்தால் பக்கத்துக் கடைக்குக் கேட்கும். தாய்லாந்தின் தென்கோடியிலிருந்து பிழைக்க வந்த ஒரு தையல்காரப் பெண்ணை அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டார். நம் மார்க்கத்துப் பெண்தான். ஆனாலும் மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் இருந்த எங்கள் குடும்பத்துக்கு அந்தச் செய்தி தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. யாரும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதில்லை. "ஜமால் வீட்ல" என்றுகூடச் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் சின்னத்தா காய்ச்சலில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

சில மாதம் கழித்துப் பெரியத்தாவிடமிருந்து கடைக்குப் போன் வந்தது. என் அத்தாவுக்கு மூத்தவர். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏலே சாகுலு, ஜமால் பிள்ளைய இங்க கூட்டியாந்துரு. கொடைக்கானல்ல நல்ல ஸ்கூல்ல சேத்துப் படிக்க வைக்கிறேன்."

"சரிங்க பெரியத்தா. அவங்க அம்மா?"

"பிள்ளைய மட்டும்."

போன் கரகரத்தது. நான் "என்னங்க?" என்றேன்.

"காது கேக்கலையா? பிள்ளைய மட்டும்னேன்."

மரியம்

பாங்காக்கில், மாடியில் ஒற்றை அறை. தையல் மெஷின், ஒரு பாய், கயிற்றுக் கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை. மரியத்துக்கு முப்பது வயது இருக்கும். தென்கோடிக்காரர் என்பதால் அவருக்கு மலாய் தெரியும்; எனக்குப் பினாங்கில் பழகிய மலாய். நாங்கள் பேசியதெல்லாம் அந்த மொழியில்தான். இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறியபோது அவரே ஆரம்பித்தார்.

"உன் பெரியத்தாவின் கடிதத்தை தமிழும் மலாயும் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். நல்ல பள்ளிக்கூடம்தானா?"

"நல்ல பள்ளிக்கூடம். மலை மேலே. குளிரும்."

"கம்பளிச் சட்டை தைத்துவிட்டேன்" என்று ஒரு பெட்டியைக் காட்டினார்.

அழுகை இல்லை, வாக்குவாதம் இல்லை. நான் அதற்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. இரவு பகலாக மெஷின் மிதித்தும் வாடகைக்கே சரியாகப்போகிற பிழைப்பில், தன்னோடு வைத்துக்கொண்டால் பெண்ணும் அந்த மெஷினிலேயேதான் வந்து உட்காருவாள் என்று அவர் தனக்குள் பேசித் தீர்த்திருந்தார் என்று பிறகு புரிந்தது.

ஒன்று மட்டும் கேட்டார். "ஹட்யாய் வரைக்கும் நானும் வருகிறேன். என் அண்ணன் வீடு அங்கே இருக்கிறது. காலையில் இறங்கிக்கொள்வேன்."

ஹட்யாய் எல்லைக்கு முந்தின பெரிய ஸ்டேஷன். எனக்கும் ஆமினாவுக்கும் பட்டர்வொர்த் வரை டிக்கெட். அவருக்கு ஹட்யாய் வரைக்கும்தான்.

விடிந்தபோது

மேல்படுக்கையில் நான் தூங்கினேனா என்று கேட்டால், தூங்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். அந்த வண்டியின் ஆட்டம் அப்படி. திரையை இழுத்துவிட்டால் உலகத்தில் நாம் ஒருவர்தான்.

விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. கீழே மரியம் முகம் கழுவி, முக்காடு போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆமினா அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்கும்போதே இறங்கிவிடுகிறேன்" என்றார். "எழுப்பினால் என்னால் முடியாது."

ஹட்யாயில் வண்டி நெடுநேரம் நிற்கும். பாங்காக்கிலிருந்து வந்த நீள வண்டியைக் கழற்றிவிட்டு, கடைசி இரண்டு பெட்டிகளை மட்டும் வேறு எஞ்சினில் மாட்டி மலேசியாவுக்கு அனுப்புவார்கள். கடமுடவென்று இரும்புச் சத்தம். பெட்டி ஒருமுறை முன்னும் பின்னும் போய் வந்தது.

மரியம் மகளின் தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றினார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை மூடிவிட்டார். என்னிடம், "பால் காய்ச்சினால் ஏடு எடுத்துவிடச் சொல். ஏடு இருந்தால் குடிக்க மாட்டாள்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

நான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகிறவரைப் பார்ப்பது திருட்டுத்தனம் போல இருந்தது.

நான் பயந்தபடியே ஆமினா விழித்துக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தாய்லாந்து மொழியில் என்னவோ கேட்டாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் "மே" என்ற சொல் தெரியும். அம்மா.

என்ன சொல்ல? பாங்காக்கிலேயே வளர்ந்தவள்; மலாயில் சொன்னால் அவளுக்குப் புரியாது, தமிழில் சொன்னாலும் புரியாது. என் பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அழவும் இல்லை. வாசலையே பார்த்தாள். ஒரு குழந்தை அப்படிப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கிற பெரியவன் எவ்வளவு சின்னவனாகிவிடுகிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எஞ்சின் வந்து முட்டியது. பெட்டி குலுங்கியது. புறப்படப்போகிறது என்று ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

அவர்களோடு மரியமும் ஏறி வந்தார். கையில் பொரித்த கோழியும் ஒட்டும் அரிசிச் சோறும் கட்டிய பொட்டலங்கள். மூன்று பொட்டலம். ஆளுக்கொன்றாக வைத்துவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அவள் அங்கே எந்த இடத்தில் படுப்பாள் என்று நான் பார்க்க வேண்டும்" என்றார். "பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்."

என்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொன்னார். நான் அவருக்குக் கால் நீட்ட இடம் விட்டு என் பையைத் தூக்கி மேலே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கோழி அருமையாக இருந்தது. ஆமினா என் பொட்டலத்திலிருந்தும் எடுத்துத் தின்றாள்.

எல்லையில்

எல்லை ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு எல்லாரும் இறங்க வேண்டும். ஒரே கூடத்தில் தாய்லாந்து மேசை. அதைத் தாண்டினால் மலேசிய மேசை. அந்தப் பத்தடியைக் கடப்பதற்குள்தான் எத்தனை பேர் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்!

மரியத்திடம் பாஸ்போர்ட் இருந்தது. என்றைக்காவது பாலசமுத்திரத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சின்னத்தா எடுத்துவைத்த பாஸ்போர்ட். உள்ளே ஒரு முத்திரைகூட விழாமல் புத்தம் புதிதாக இருந்தது.

மலேசிய மேசையில் இருந்த அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ்ப் பையன், தாய்லாந்துப் பெண், இரண்டு சாடையும் கலந்த ஒரு குழந்தை.

"இந்தப் பெண் உனக்கு யார்?" என்று என்னைக் கேட்டார்.

அதுவரை நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டிருக்கவில்லை. பெயர் சொல்ல வயது இடித்தது. முறை சொல்லப் பெரியத்தாவின் குரல் இடித்தது.

"மக்சிக்" என்றேன். மலாயில் சின்னம்மாவுக்கு அதுதான் சொல். "என் சின்னத்தாவின் மனைவி. இவள் என் தங்கச்சி. எங்கள் வீட்டுக்குப் போகிறோம்."

முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. மரியம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் சின்னம்மா.

"நான் என்ன சொன்னேன்?"

பினாங்கில் தங்கி விசாவுக்கு அலைந்து, விமானம் ஏறி, மூன்று பேரும் பாலசமுத்திரம் வந்து சேர்ந்தோம். பெரியத்தாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரியத்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏலே, நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிட்டு வந்து நிக்கிறே?"

"பிள்ளைய மட்டும்னு சொன்னீங்க. அவங்களும் வந்துட்டாங்க பெரியத்தா."

"வந்துட்டாங்கன்னா? கோழிக்குஞ்சா, பின்னாடியே வர்றதுக்கு?"

சின்னம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் குரல் எல்லா மொழியிலும் குரல்தானே. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெரியத்தாவுக்கு சலாம் சொன்னார். பிறகு என்னிடம் மலாயில், "குழந்தை படுக்கிற இடம் எது என்று கேள்" என்றார்.

நான் கேட்டேன். பெரியத்தா பின்கட்டில் நிலக்கடலை மூட்டை அடுக்கியிருந்த ஓர் அறையைக் கையால் காட்டினார்.

சின்னம்மா உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்தார். துடைப்பம் எங்கே என்று சைகையில் கேட்டார். அந்தியாவதற்குள் மூட்டைகளெல்லாம் ஒரு பக்கமாக ஏறி, தரை கழுவி, ஜன்னலுக்குத் தன் பழைய கைலியைத் திரையாகக் கட்டியாகிவிட்டது. நாங்கள் யாரும் போகச் சொல்லவும் இல்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அவர் இருந்தார்.

மலை மேலே

பள்ளிக்கூடம் திறந்தபோது ஆமினாவை மலைக்குக் கூட்டிப்போய் விடுதியில் சேர்த்தோம். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள். விடுதிக் கட்டிலைச் சின்னம்மா தட்டிப் பார்த்தார், ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். திரும்பப் பஸ் ஏறப்போகும்போது ஏறவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு வீட்டில் வெளியே தொங்கிய 'அறை வாடகைக்கு' அட்டையைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இது என்ன எழுதியிருக்கிறது?" என்றார்.

அந்த அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறார்.

ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். முதலில் விடுதிப் பிள்ளைகளின் சட்டைகள். பிறகு ஒரு ஓட்டல்காரர் கிழிந்த திரைச்சீலைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எடுத்துப்போனபோது அவருக்கு எது கிழிந்த திரை என்று தெரியவில்லை. அதற்கப்புறம் இந்த ஊரில் எத்தனை ஓட்டல் ஜன்னல்களில் சின்னம்மா தைத்த திரை தொங்கியிருக்கிறது என்று எனக்குக் கணக்கில்லை. தேனிலவுக்கு வந்தவர்கள் அதை விலக்கித்தான் ஏரியைப் பார்த்திருப்பார்கள்.

மரியம் என்ற பெயரைக் கேட்டு, பக்கத்து வீட்டு மாதா கோயில் பெண்கள் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். இல்லை என்று தெரிந்த பிறகும் கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பதை நிறுத்தவில்லை. இவரும் ஒவ்வொரு பெருநாளும் பதிலுக்கு ஒட்டும் அரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டி அனுப்புகிறார்.

தமிழைப் பஜாரில் கற்றுக்கொண்டார். எல்லாரும் ங்க, ங்க என்று பேசுவதைக் கேட்டு, அது மரியாதை என்று தெரியாமல் அதுதான் தமிழ் என்று பிடித்துக்கொண்டார். "மழை வந்துட்டாங்க", "பூனை பாலைக் குடிச்சுட்டாங்க" என்பார். சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். மாற்றிக்கொள்ள மாட்டார்.

பினாங்கை விட்டு வந்து நானும் இங்கே கடை போட்டேன். பெரியத்தா கடைசிக் காலத்தில் கோடைக்குக் கோடை மேலே வந்து என் வீட்டில் தங்குவார். காலையில் வெள்ளனே எழுந்து குல்லாவை மாட்டிக்கொண்டு சின்னம்மா அறைக்குத்தான் போவார். இவர் தைப்பார்; அவர் பேப்பர் படிப்பார். இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. ஒருநாள் என்னிடம், "பிள்ளை மட்டும் வந்திருந்தா, மூட்டையோட மூட்டையா அழுதுட்டே கெடந்திருக்கும்லே" என்றார். அந்த மனிதர் அவ்வளவு சொன்னதே பெரிது.

வண்டி இல்லையாம்

ஆமினா இப்போது இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தலையில் நாலைந்து நரை வந்துவிட்டது. சின்னம்மா இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஊர்ப்பக்கம் போகவில்லை. முதலில், போனால் திரும்பி வர விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம், பிறகு சோலி, பிறகு அது பழகிவிட்டது.

"இந்த லீவுக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போறேன் அண்ணே, அதே டிரெயின்ல" என்று ஆமினா சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மஞ்சு இறங்கி ஏரிப்பக்கம் எதுவும் தெரியவில்லை. அவள் போனை வைத்துத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, that train இல்லியாம். பார்டரோட கட் பண்ணிட்டாங்களாம். பல வருஷம் ஆச்சாம். இப்ப எறங்கி வேற வண்டி மாறணும்."

சின்னம்மா மெஷினை நிறுத்தவில்லை. "அந்தக் கட்டில் போடறவங்க பாவங்க. எங்க வேலைக்குப் போனாங்களோ" என்றார்.

ஆமினா சிரித்தாள். "எனக்கு அவங்க ஞாபகம் இருக்கு. அப்புறம் காலையில நீ கோழி வாங்க எறங்கிப் போனது ஞாபகம் இருக்கு. வரவே மாட்டியோன்னு பயந்துட்டேன்."

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தக் காலைப் பற்றி யாரும் இவளிடம் வாய் திறந்ததில்லை.

மெஷின் நின்றது.

"கோழி வாங்க எறங்கலைங்க" என்றார். "உன்ன விட்டுட்டுப் போகத்தான் எறங்கினேன்."

ஆமினா போனைக் கீழே வைத்தாள். அம்மாவையும் என்னையும் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கீழே தெருவில் ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது.

"எவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டாள்.

"ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் மோட்டார் சைக்கிள் வச்சுக்கிட்டு நின்னாங்க. பின்னாடி ஏறி உக்காந்துட்டேன்."

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேங்க. அவங்க ஸ்டார்ட்டும் பண்ணிட்டாங்க. அப்புறம் நான் எறங்கிட்டேன். ரயிலுக்கே போறேன்னு சொன்னேன். ஏன், எதுக்குன்னு அண்ணன் ஒண்ணும் கேக்கல. மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுட்டு ஓடிப்போய்க் கோழியும் சோறும் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. வெரசாப் போன்னாங்க."

இத்தனை வருஷத்தில் எனக்கும் இது தெரியாது.

ஆமினா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். சாத்தியே இருந்த ஜன்னல்தான். வெகுநேரம் அங்கேயே முதுகு காட்டி நின்றாள். பிறகு திரும்பினாள்.

"மாமா இருக்காங்களா?"

"இருக்காங்க. எம்பது ஆச்சுங்க. போன்ல பேசினா காது கேக்கல."

"எத்தனை வண்டி மாறினாலும் சரி. முதல்ல அவங்களப் பாக்கப் போறோம். நாம மூணு பேரும்."

சின்னம்மா மெஷின் ஊசியில் அறுந்திருந்த நூலைக் கோர்க்கப் பார்த்தார். நூல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. மறுபடி பார்த்தார். பிறகு நூல் முனையை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன்.